புகைக்குள்ளே தெக்குட்டு

ஜூலை 8, செவ்வாய்

மறுபடி அதே கனவு. எங்கள் கண்மாய்க்குள் ஒரு விமானம் வந்து மெதுவாக உட்காருகிறது. சத்தமே இல்லை. கொக்குகள்கூட எழும்பவில்லை. நான் முழங்கால் தண்ணீரில் நடந்து போய்க் கதவைத் திறக்கிறேன். உள்ளே எல்லோரும் தூங்குகிறார்கள். ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு, "எந்திரிங்க, ஊரு வந்துருச்சு" என்கிறேன். ஒருவரும் எழவில்லை. ஆனால் பயமாக இல்லை. கல்யாண வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து படுத்துக் கிடப்பவர்களை எழுப்புகிற மாதிரி இருக்கிறது.

கண் விழித்தபோது பக்கத்து மில்லில் நெல் அவிக்கிற ஆவி ஜன்னல் வழியாக வந்து அறை முழுக்க நின்றது. புதுவயலில், அதுவும் அரிசி மில்லுக்குப் பக்கத்தில் பிறந்தால் கனவில்கூட மூட்டம்தான்.

நான் இதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. விமான நிலையத் தீயணைப்பு வேலைக்குப் பயிற்சி எடுக்கிறேன், ஆனால் ஏறியதில்லை. 'டப்பா'வில் மட்டும் தினமும் ஏறுகிறேன். கருவேலங்காட்டுக்கு நடுவே எங்கள் பயிற்சிப் பள்ளி மைதானத்தில் கிடக்கிற இரும்பு விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. சிறகு கிடையாது, பறக்காது. மூக்கு மேற்கே, வால் கிழக்கே. உள்ளே நிஜ விமானத்தில் இருக்கிற மாதிரி இரண்டு பக்கமும் இருக்கைகள், நடுவில் ஒரு ஆள் போகிற வழி. கேஸ் விட்டுக் கொளுத்துவார்கள், புகை விடுவார்கள். நாங்கள் உள்ளே போய் ஆளைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

மதியம் அதன் கூரை மேல் ஒரு மயில் நின்றுகொண்டிருந்தது. சூடு பொறுக்காமல் காலை மாற்றி மாற்றி வைத்தது, பாவம்.

ஜூலை 10, வியாழன்

அம்மாவிடம் இன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போனில் அபியிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "இன்னைக்கு மாப்பிள்ளைய நான் ஒருத்தியாவே தூக்கிட்டு வந்துட்டேன், தெரியும்ல?" நெல் களத்திலிருந்து அப்போதுதான் வந்த அம்மா, தலையில் சும்மாட்டோடு அப்படியே நின்றுவிட்டது. "யாரைடி தூக்கிட்டு வந்தே? எந்த ஊருக்காரன்?"

விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. மாப்பிள்ளை என்பது பொம்மை. ஆள் கனம், ஆள் உயரம், உள்ளே மணலும் ரப்பரும். தானாக எழுந்திருக்க மாட்டார், அசைய மாட்டார், நாம்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரியாத்தான் பேரு வச்சிருக்கீக" என்று அப்பாவைப் பார்த்தது. அப்பா லாரியிலிருந்து இறங்கி வந்து வேட்டி மாற்றாமல் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

அபி என் ஜோடி. சென்னை பெரம்பூர்க்காரி, காரைக்குடியில் ஹாஸ்டலில் இருக்கிறாள். பள்ளியில் எல்லா வேலையும் ஜோடி ஜோடியாகத்தான். இட்லியை ஸ்பூனால் சாப்பிடுவாள், கோபம் வந்தால் கண் கலங்கும், ஏணி ஏறுவதில் பையன்களையெல்லாம் தோற்கடிப்பாள். எனக்கு வண்டி. அப்பாவின் மில் லாரியில் கற்றுக்கொண்டது வீண்போகவில்லை. பெரிய தீயணைப்பு வண்டியை ரிவர்ஸ் எடுக்கிறதில் இந்த பேட்ச்சில் என்னை அடிக்க ஆள் இல்லை. நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான், வேறு யார் சொல்லப் போகிறார்கள்.

ஜூலை 14, திங்கள்

இன்று வகுப்பில் ஒன்று கேட்டேன், நாள் முழுக்க மனசு அதிலேயே மிதக்கிறது.

ஓடுதளத்தின் முனையில் பெரிதாக ஒரு எண் எழுதியிருப்பார்களாம். ஏதோ வரிசை எண் என்று நினைத்திருந்தேன். சிவராஜ் சார்தான் சொன்னார் — எங்கள் பயிற்சியாளர், தேவகோட்டைக்காரர், ஒரு காலத்தில் பெரிய விமான நிலையங்களில் தீயணைப்பு அதிகாரியாக இருந்தவர் — அந்த எண் திசையாம். 09 என்றால் கிழக்கு பார்த்து ஓடுகிற முனை. 27 என்றால் மேற்கு. உலகத்தில் எந்த ஊரில் இறங்கினாலும் அப்படித்தானாம்.

அட! அப்படியானால் விமானமும் எங்கள் புதுவயல்காரன்தான். இங்கே மில்லுக்குள் லாரி வந்தால் லோடுமேன் மருது அண்ணன், "வடக்குட்டு ஒடி, வடக்குட்டு ஒடி... இப்ப கெழக்குட்டு... போதும்" என்றுதான் சொல்லும். வீட்டில் அம்மா, "அந்தச் சொம்ப மேக்குட்டு தள்ளி வைடி" என்னும். இடது, வலது எல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்ததோடு சரி. எனக்கு இன்றைக்கும் யாராவது 'லெஃப்ட்' என்றால், எழுதுகிற கை எது என்று ஒரு நொடி யோசித்துத்தான் திரும்ப முடிகிறது.

அபியிடம் சொன்னேன். "நெஜமாவா? கண்ண மூடினா கூட நார்த்து எதுன்னு தெரியுமா?" என்றாள். கண்ணை மூடிக் காட்டினேன். பஸ் ஸ்டாண்டில் நின்று மூன்று சுற்றுச் சுற்றிவிட்டாள். அப்பவும் சரியாகக் கையை நீட்டினேன். கூட்டமே வேடிக்கை பார்த்தது.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. காற்றென்றால் காற்று, அப்படி ஒரு மேல்காற்று.

நுரைப் பயிற்சி. காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்று அடிக்க வேண்டும். எதிர்த்து நின்றால் தீயும் நம்மிடம் வரும், நுரையும் நம்மிடமே வரும். எங்கள் பேட்ச் கார்த்திகேயன் அதை மறந்துவிட்டு எதிர்ப்பக்கம் நின்று, தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக நனைந்தான். மிச்ச நுரையெல்லாம் காற்றில் துண்டு துண்டாகப் பறந்து போய்க் கருவேல மரங்களில் உட்கார்ந்தது. செம்மண் தரை, பச்சை முள், அதன் மேல் வெள்ளை வெள்ளையாக. ஆடு மேய்க்க வந்த அக்கா ஒருத்தி கையில் அள்ளிப் பார்த்து, "ஏத்தா, இது சோப்பா?" என்று கேட்டது.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் உருகிப் போய்விட்டது. நான் மட்டும் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சார் விசில் அடித்த பிறகுதான் ஹோஸைச் சுருட்ட ஞாபகம் வந்தது. இந்தக் கனவு காண்கிற புத்தி எங்கேயாவது கொண்டுபோய் விடப்போகிறது என்னை.

ஜூலை 22, செவ்வாய்

கனவு காண்கிற புத்தி கொண்டுபோய் விட்டுவிட்டது.

நடந்ததை எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

இன்று புகைத் தேடல். முன்னால் போகிறவர் ஆளைத் தேட வேண்டும். பின்னால் வருகிறவர் ஹோஸைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். ஹோஸ்தான் திரும்பி வருகிற வழி. நான் முன்னால், அபி பின்னால். முகத்தில் மாஸ்க், முதுகில் காற்று சிலிண்டர். அதே சிலிண்டரோடு இரண்டாவது முறை உள்ளே போனோம், பாதிக் காற்றுதான் மிச்சம். எப்போதும் போல வால் பக்கக் கதவில் ஏறினோம். கொஞ்ச தூரம் போனதுமே என் கை எனக்குத் தெரியவில்லை.

எனக்குப் புகைக்குள் பயம் வராது. அதுதான் வினை. ஒரு மாதிரி தூக்கம் போல வரும். மாஸ்க்குக்குள் என் மூச்சு மட்டும் போய்ப் போய் வரும். சின்ன வயதில் மில் ஆவிக்குள் புகுந்து புகுந்து விளையாடியது போல, உடம்பு லேசாகிவிடும். கை தானாக இருக்கைகளைத் தடவிக்கொண்டு போனது. தெற்குப் பக்கம் ஜன்னலோரமாக மாப்பிள்ளை தட்டுப்பட்டார்.

"தெக்குட்டு வா அபி! தெக்குட்டு!" என்று கத்தினேன்.

"எந்தப் பக்கம்?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. விழுந்தது, விழவில்லை என்று சொல்ல மாட்டேன்.

"தெக்குட்டுன்னேன்ல!" என்று மறுபடி கத்திவிட்டு, மாப்பிள்ளையின் கக்கத்தில் கையைக் கொடுத்து நானே இழுக்க ஆரம்பித்துவிட்டேன். இழுத்து இழுத்து, கதவு வரை வந்து வெளியே விழுந்தேன். வெயில் முகத்தில் அடித்தது. பெருமையாக இருந்தது. எல்லோரும் கைதட்டுவார்கள் என்று நினைத்தேன்.

யாரும் தட்டவில்லை. சிவராஜ் சார் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அபி எங்கம்மா?"

என் பின்னாடிதான் வர்றான்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன்.

அப்போது உள்ளே விசில் கேட்டது. சிலிண்டரில் காற்று தீரப்போகிறது என்றால் தானாக ஊதுகிற விசில். அது புகைக்குள்ளிருந்து விடாமல் ஊதுகிறது, ஆளைக் காணோம். சார் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு பாய்ந்து ஏறினார். அபி என்னைத் தேடி ஹோஸை விட்டுவிட்டு வடக்குப் பக்கம் போயிருக்கிறாள். இருக்கைகளுக்கு நடுவில் சிலிண்டர் வார் மாட்டிக்கொண்டு எழவும் முடியாமல் முட்டி போட்டுக் கிடந்திருக்கிறாள். வெளியே கொண்டுவந்து மாஸ்க்கைக் கழற்றியபோது உதடு கிழிந்திருந்தது. இருமினாள், அழுதாள். என்னை ஒரு முறை பார்த்தாள். அவ்வளவுதான்.

கார்த்திகேயன் மெதுவாகச் சொன்னான்: "மாப்பிள்ளை கெடைச்சதும் தோழிய மறந்துட்டா." அவனை அறைந்திருப்பேன். ஆனா அவன் சொன்னதுல என்ன தப்பு? மணல் மூட்டைய இழுத்துட்டு வந்தேன். உசுரோட இருந்தவள உள்ள விட்டுட்டு வந்தேன். எந்தப் பக்கம்னு கேட்டாளே பாவி, நின்னு ஒரு வார்த்தை பதில் சொல்ல எனக்கு என்ன கேடு?

ஜூலை 23, புதன்

அபி வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

அபி வந்தாள். நேராக சார் அறைக்குப் போனாள். ஜோடியை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டார்கள்.

சார் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "வேலைக்குப் போற எடத்துல ஜோடிய நீங்க பொறுக்க முடியாதும்மா. யாரு ட்யூட்டில இருக்காகளோ அவுககூடத்தான் நெருப்புக்குள்ள போகணும். நான் மாத்த மாட்டேன். அடுத்த மாசம் இருவதாம் தேதி கடைசித் தேர்வு. உள்ள ரெண்டு பேரு போனா வெளிய ரெண்டு பேரு வரணும். இல்லேன்னா ரெண்டு பேருக்குமே சான்றிதழ் கெடையாது. போயிட்டு வாங்க."

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றோம். மன்னிச்சிரு என்றேன்.

"நீ சாரி சொல்றதால எனக்கு இன்னா ஆவப்போவுது?" என்றாள். "எத்தினி வாட்டி கேட்டேன், எந்தப் பக்கம் எந்தப் பக்கம்னு. நீ ஏதோ பாஷைல கத்திட்டே போய்ட்ட. அந்த விசில் அடிக்க ஆரம்பிச்சப்போ நான் எங்கம்மாவ நெனச்சேன் வல்லி. பயிற்சிதான், வெளிய சார் இருக்காருன்னு தெரியும். தெரிஞ்சும் நெனச்சேன்."

அவள் ஹாஸ்டல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

இந்த வேலை எனக்கு வேண்டும். வேறு எதுவும் இவ்வளவு வேண்டும் என்று எனக்கு இதுவரை தோன்றியதில்லை. ஆனால் இன்றைக்கு அதைவிட, அவள் ஒரு தரம் என்னோடு மறுபடி உள்ளே வர வேண்டும் என்றிருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

விடிகாலையில் கனவு. கண்மாயில் அதே விமானம். அதே தூக்கம். ஜன்னலோரத்தில் அபி உட்கார்ந்திருக்கிறாள். அவள் மட்டும் தூங்கவில்லை, என்னைப் பார்த்து வாயசைக்கிறாள். நான் எல்லோரையும் எழுப்பிவிட்டு அவளிடம் வரலாம் என்று தள்ளித் தள்ளிப் போகிறேன். தண்ணீர் ஜன்னலுக்கு மேலே ஏறுகிறது. எழுந்து உட்கார்ந்து அழுதேன்.

பத்து மணி வாக்கில் போன். அபி! எடுத்தால் ஒரே கத்தல்.

"உங்க ஊர்ல ஒருத்தருக்குமே லெஃப்ட்டு ரைட்டு தெரியாதாடி? கண்டக்டர் 'எறங்கி வடக்குட்டு போங்க'ன்றான். டீக்கடைல கேட்டா 'ரெண்டு மில்லு தாண்டி கெழக்குட்டு'ன்றாரு. ஒரு பாட்டி 'தெக்கால போயிட்டியே தாயி'ன்னுது. நான் இப்போ எங்கியோ நெல்லுக்கு நடுவுல நிக்கறேன்!"

செருப்புப் போடாமல் ஓடினேன். மூன்றாவது மில் களத்தில், காய்கிற நெல்லுக்கு நடுவே வரப்பு மாதிரி விட்டிருந்த வழியில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றாள். சுற்றிலும் பெண்கள் நெல்லைக் கிளறுவதை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சமாதானம் ஆவ வரல," என்றாள். "ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சர்டிஃபிகேட். அதுக்காவ வந்தேன். உனக்கு லெஃப்ட்டு ரைட்டு கத்துக்குடுக்காம போவ மாட்டேன்."

அம்மா அவளுக்குச் சோறு போட்டது. ஸ்பூன் கேட்கவில்லை. கையால் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. மில் லீவு. அப்பா முதலாளியிடம் கேட்டுக் கிட்டங்கிச் சாவி வாங்கித் தந்தார்.

அரிசிக் கிட்டங்கிக்குள் நின்று பார்த்தபோது அபியே சொன்னாள், "அடிப்பாவி, இது டப்பாவேதான்" என்று. இரண்டு பக்கமும் கூரை வரை மூட்டை அடுக்கு, நடுவில் ஒரு ஆள் போகிற சந்து. கதவைச் சாத்தினால் இருட்டு. அப்பாவின் துண்டைக் கிழித்து இரண்டு பேரும் கண்ணைக் கட்டிக்கொண்டோம். ஒரு மூட்டைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்து மருது அண்ணன் எங்கேயாவது ஒளித்து வைக்கும். நாங்கள் தேட வேண்டும். ஹோஸுக்குப் பதில் லாரிக் கயிறு.

"என்ன செய்யிறீக ரெண்டு பேரும், கண்ணாமூச்சியா?" என்று மருது அண்ணன் சிரித்தது. பிறகு அதுவே ஆர்வமாகிவிட்டது. வேண்டுமென்றே உச்சியில் கொண்டுபோய் வைத்தது.

முதலில் நான் 'லெஃப்ட்' என்று சொல்லிவிட்டு வலப்பக்கம் போய் அபியின் மூக்கை இடித்தேன். அப்பா வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். "நான் பெத்தது பத்து சக்கர லாரிய ரிவர்ஸு எடுக்கும், வலது எடது மட்டும் தெரியாதாக்கும்!"

"வலதுன்னா சோத்துக்கைப் பக்கம்ப்பா, எனக்கு அப்புடித்தான் தெரியும்" என்றேன்.

"அது இன்னா சோத்துக்கை?" என்றாள் அபி.

"சோறு திங்கிற கை."

"அப்போ லெஃப்ட்டு?"

"அதச் சொல்ல மாட்டேன். நீயே கண்டுபிடி."

"சோறு திங்காத கை..." என்று இருட்டில் முனகிப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், மூட்டை மேல் விழுந்து விழுந்து. அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்குக் கட்டியிருந்த துண்டு நனைந்துவிட்டது. நல்லவேளை, அவளுக்கும் கண்ணைக் கட்டியிருந்தது.

ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். அவள் 'எந்தப் பக்கம்' என்று கேட்டால், என்ன அவசரமானாலும் நான் நின்றுவிட வேண்டும். அவளிடமிருந்து 'சரி' வராமல் நகரக் கூடாது.

ஆகஸ்ட் 9, சனி

நான் அவளிடம் படிக்கிறேன், அவள் என்னிடம் படிக்கிறாள். கேட்காமலே ஆரம்பித்துவிட்டாள்.

சாயங்காலம் காரைக்குடியில் சும்மா நடந்தோம். பெரிய பெரிய வீடுகளுக்கு நடுவே தெருக்கள் நேராக ஓடுகின்றன. ஒரு தெருவில் நுழைந்தால் மறுகோடியில் வெயில் மஞ்சளாக நிற்கிறது. காற்று முகத்தில் அடித்தால் மேற்கே போகிறோம், முதுகில் தள்ளினால் கிழக்கே, ஆடி மாதத்துக்கு இது போதும் என்றேன். அபி கண்ணை மூடிக்கொண்டு என் தோளில் கைவைத்து நடந்தாள். நான் திருப்பி விடுவேன், அவள் சொல்ல வேண்டும். "வடக்குட்டு," என்பாள். அவள் வாயில் அந்த வார்த்தை யாரோ வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது. ஆனாலும் நாலுக்கு மூன்று சரியாகச் சொன்னாள்.

எதிரே ஒரு டி.வி.எஸ். வண்டி வந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. "கண்ணு தெரியலையா?" என்று அந்த ஆள் கத்தினார். "தெரியல" என்றாள் அபி, கண்ணைத் திறக்காமலே.

ஆகஸ்ட் 13, புதன்

டப்பாவில் இன்று எல்லாம் சரியாக வந்தது. நான் ஒரு தந்திரம் கண்டுபிடித்திருக்கிறேன் — டப்பாவுக்குள் லெஃப்ட் என்றால் தெற்கு, ரைட் என்றால் வடக்கு. மனப்பாடம் செய்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திவிட்டு சார் சொன்னார்: "வால் பக்கம் நெருப்பு. பின்கதவு கெடையாது. இன்னைக்கு எல்லாரும் முன்கதவு."

முன்கதவில் ஏறினால் எதிர்த்திசை பார்த்துப் போவோம், என் மனப்பாடம் தலைகீழாகிவிடும் என்று எனக்கு உடனே உறைக்கவில்லை. ஏணியில் ஏறும்போதுகூட உறைக்கவில்லை. வெள்ளி நிறத் தீக்காப்பு உடுப்புக்குள் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. வால் பக்கம் கேஸ் தீ உறுமியது. முன்கதவில் நுழைந்தோம், நான் முன்னால், அபி பின்னால். புகை வந்து மூடிக்கொண்டது.

"அபி, லெஃப்ட்ல..." என்று ஆரம்பித்தேன். கை வேறு பக்கம் போனது.

லெஃப்ட் என்றால் தெற்கு. ஆனால் இந்தக் கை இருப்பது தெற்கு இல்லையே. அப்படியானால் லெஃப்ட் எது? திரும்பி நின்றுவிட்டேனா? எனக்குள் எப்போதும் கிழக்கைக் காட்டிக்கொண்டே இருக்கும் ஏதோ ஒன்று, பிறந்ததிலிருந்து ஒரு நாளும் தவறாதது, அணைந்துவிட்டது. மேலே கீழே கூடத் தெரியவில்லை. அப்புறம் அந்தப் பழைய தூக்கம் வந்தது. இருக்கைகளில் எல்லோரும் கனவில் போலத் தூங்குவதைப் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். சும்மா அவர்களோடு உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

பெல்ட்டைப் பிடித்து யாரோ இழுத்தார்கள்.

"வல்லி. நில்லு." அபியின் குரல், மாஸ்க்குக்குள்ளிருந்து, காதுக்குப் பக்கத்தில். "சூரியன் எங்குட்டு உதிக்குது?"

நான் பக்கத்து இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏய், உன்னத்தான் கேக்கறேன். நாம எந்தக் கதவுல வந்தோம்? மேக்குட்டு. உள்ள பாத்து நிக்கறோம். இப்போ சொல்லு, சூரியன் எங்குட்டு?"

மேற்கே ஏறினோம். உள்ளே பார்த்து நிற்கிறோம். அப்படியானால்...

"மூஞ்சிக்கு நேரா," என்றேன். சொன்னதும் எல்லாம் தன் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. மைதானம், கருவேலங்காடு, காரைக்குடி, எங்கள் வீடு, கண்மாய், எல்லாம்.

"தெக்கு எந்தக் கை?"

"சோத்துக்கை."

"அப்போ நான் தெக்குட்டு தடவறேன். நீ வடக்குட்டு தடவு. சரியா?"

"சரி."

வரிசை வரிசையாகப் போனோம். ஒவ்வொரு வரிசைக்கும் அவள் "தெக்குட்டு இல்ல" என்றாள், நான் "வடக்குட்டு இல்ல" என்றேன். வாலை நெருங்க நெருங்கச் சூடு உடுப்பைத் தாண்டி உள்ளே வந்தது. கடைசிக்கு முந்தின வரிசை, ஜன்னலோரம், ஒரு கால் தட்டுப்பட்டது.

"அபி! வடக்குட்டு இருக்காரு!"

நின்றேன். இழுக்கவில்லை. அவள் கை வந்து என் கையைத் தொடும் வரை நின்றேன்.

"வந்துட்டேன். தூக்கு."

ஒரு கக்கம் அவள், ஒரு கக்கம் நான். ஹோஸைக் காலுக்கு நடுவே விட்டுக்கொண்டு, வந்த வழியே மேற்கே. வெயில் முகத்தில் அடித்ததும் முதல் வேலையாகத் திரும்பிப் பார்த்தேன். மாஸ்க் முழுக்கக் கரி, அதற்குள் இரண்டு கண்.

சிவராஜ் சார் கீழே நின்று வாய்விட்டு எண்ணினார். "ஒண்ணு. ரெண்டு." மாஸ்க்கைக் கழற்றிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் செம்மண்ணில் அப்படியே மல்லாந்து படுத்துவிட்டோம். கார்த்திகேயன் தண்ணீர் பாட்டிலோடு வந்தான். "உள்ள ஏதோ ஊர்ச் சந்தை மாதிரி தெக்குட்டு வடக்குட்டுன்னு கூவுனீங்களே, என்ன அது?" என்றான்.

"உனக்குப் புரியாது," என்றாள் அபி.

ஆகஸ்ட் 21, வியாழன்

கனவே இல்லாமல் தூங்கினேன். பகல் வந்து கண்ணில் விழுந்த பிறகுதான் எழுந்தேன். அம்மா எழுப்பவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

இங்கே, வடக்கே இந்த விமான நிலையத்தில், வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் மூட்டம் இறங்கினால் ஓடுதளம் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. எங்கள் மில் ஆவியெல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. இது வெதுவெதுப்பாக இல்லை, எலும்புக்குள் போகிறது. எல்லா விமானமும் எங்கேயோ மேலே காத்திருக்க, நாங்கள் வண்டிக் கொட்டகை வாசலில் டீயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அப்பாவின் கிழிந்த துண்டில் மிச்சப் பாதியை அம்மா பெட்டிக்குள் வைத்து விட்டிருக்கிறது. கழுத்தில் சுற்றியிருக்கிறேன். அரிசி வாசனை இன்னும் போகவில்லை.

அபிக்கு வேலை வேறொரு மாநிலத்தில். இன்று காலை குரல் செய்தி அனுப்பியிருந்தாள். மூச்சு வாங்கப் பேசியிருக்கிறாள்.

"வல்லி, நேத்து நெஜமாவே நடந்துச்சுடி. எறங்கன விமானத்துல உள்ள ஒரே புகை. எல்லாரும் சறுக்கி எறங்கிட்டாங்க, ஒரு பெரியவரைத் தவிர. நானும் என் ஜோடியும் உள்ள போனோம். ஒண்ணுமே தெரியல. அவர் கால் என் கைல பட்டுச்சு. எனக்கு வாய்ல லெஃப்ட்டும் வரல, ரைட்டும் வரல. 'தெக்குட்டு!'ன்னு கத்திட்டேன். அந்தப் பையன் மராத்திக்காரன்டி. ஆனா சரியா தெக்குட்டு வந்து நின்னான். எப்டின்னு கேளு. ஜோடி சேந்த மொத நாளே சொல்லிக்குடுத்துட்டேன். பெரியவரு நல்லா இருக்காரு. நாங்க ரெண்டு பேரு உள்ள போனோம். ரெண்டு பேரும் வந்துட்டோம்."

திரும்பத் திரும்பக் கேட்டேன். டீ ஆறிவிட்டது.

பிறகு வெளியே போய், பக்கத்தில் நின்ற என் ஜோடியிடம், எனக்குத் தெரிந்த கொஞ்ச ஹிந்தியில், இங்கே சூரியன் எந்தப் பக்கம் உதிக்கிறது என்று கேட்டேன். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கையை நீட்டிக் காட்டினாள். அங்கே மூட்டத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் முகத்தை வைத்து நின்றுகொண்டு, சோத்துக்கையை நீட்டி, அவளுக்கு முதல் வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தேன்.